காரணம் கேட்பது நம் உரிமை

(சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)



கணினியின் பெயரால் நம் மக்கள்மீது விதிக்கப்படும் தீர்மானங்களைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறோம். சட்டம் படித்தவனுக்கும் தோட்டம் கொத்துகிறவனுக்கும் இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாமற் போகலாம். ஆனால், ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை எரிப்பதா அணைப்பதா என்று தீர்மானிக்கின்ற எவரும் அதற்குரிய காரணத்தைக் கூறக் கடமைப்பட்டவர் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த நியாயமன்றோ!

விதானைமார் முறை 1963ஆம் ஆண்டிலே ஒழிந்துவிட்டது. ஆயினும் கிராம அலுவலரை 'விதானையார்' என்று அழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. பழைய விதானையாரிடம் குறைகள் பல இருந்தன. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்தார். வெற்றிலை பாக்கோடு வந்தவனுக்கு ஒரு முகம், வெறுங்கையோடு வந்தவனுக்கு ஒரு முகம் காட்டினார். இருந்தும் ஒரு வசதி இருந்தது. "ஏன் என் பெயரை வெட்டினீர்கள்?" என்று அவருடைய படலையில் நின்று கேட்க முடிந்தது. இன்றோ, படலையே இல்லாத ஓர் அதிகாரம் தோன்றியிருக்கிறது. எங்கே போய் நின்று கேட்பது என்று தெரியாது நம் மக்கள் திகைக்கிறார்கள்.

புள்ளியிட்டுப் பிரிக்கும் திட்டம்

'அஸ்வெசும' என்னும் நலன்புரித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், நலன்புரி நன்மைகள் சபை நடத்தும் திட்டம் இது. 2023 யூலை 1ஆந் திகதி தொடங்கிற்று. நாடெங்கும் 20 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவதெனத் திட்டமிட்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். தொடக்கத்தில், மிக வறியவர் என்று கண்ட குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா. வறியவருக்கு 8,500 ரூபா. அதற்கு மேற்பட்ட இரு வகுப்பினருக்கு 5,000 ரூபாவும் 2,500 ரூபாவும். 2025 சனவரி முதல் மிக வறியவருக்கு 17,500 ரூபாவாகவும் வறியவருக்கு 10,000 ரூபாவாகவும் உயர்த்தினார்கள்.

யார் மிக வறியவர், யார் வறியவர், யார் எதற்கும் உரித்தற்றவர் என்பதை எவ்வாறு தீர்மானித்தார்கள்? வீடு வீடாக விபரம் திரட்டினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளிலே 22 குறிகாட்டிகளை வகுத்தார்கள். திரட்டிய விபரத்தைக் கணினி முறைமைக்குள் இட்டார்கள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி கணிக்கப்பட்டது; புள்ளியின்படி குடும்பங்கள் வரிசையாயின. வரிசையில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு இப்பால் நின்றவருக்குப் பணம். அப்பால் நின்றவருக்கு ஒன்றுமில்லை.

2023ஆம் ஆண்டின் முதற் பட்டியல் வெளிவந்தபோது நாடளாவிய ரீதியில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இத்தனை குடும்பங்களும் பொய் சொல்லிப் பணம் பறிக்க வந்தவர்களா? அவர்களிற் பெரும்பாலோர் எழுதியது ஒரே கேள்வியைத்தான்: "எங்களை ஏன் விட்டீர்கள்?"

அந்தக் கேள்விக்குப் பல இடங்களிற் கிடைத்த மறுமொழி, "கொம்பியூட்டர் எடுக்கவில்லை" என்பது. கிராம அலுவலர் பிரதேச செயலகத்தைக் காட்டுகிறார். பிரதேச செயலகம் கொழும்பைக் காட்டுகிறது. கொழும்பு கணினியைக் காட்டுகிறது. கணினியோ வாய் திறப்பதில்லை. காரணம் தெரியாமல் மேன்முறையீடு எழுதுவது, குற்றப்பத்திரத்தைக் காணாமலே கூண்டில் ஏறி எதிர்வாதம் செய்வதை ஒக்கும்.

நம் மண்ணும் அவர்கள் அளவுகோலும்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. நெடுந்தீவிலிருந்து மருதங்கேணி வரை பரந்து கிடக்கும் இப்பிரிவுகளில் வாழ்க்கை ஒரு தன்மையதன்று. நாட்டுக்கெல்லாம் பொதுவென வகுத்த அளவுகோல் இங்கே எப்படிப் பிழைக்கக்கூடும் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

மின்சாரப் பாவனை குறிகாட்டிகளுள் ஒன்று. கோப்பாயிலும் உடுவிலிலும் ஒரு சிறு கமக்காரன் கிணற்றில் மோட்டர் பூட்டி வெங்காயத்துக்கு இறைக்கிறான். வீட்டு விளக்குக்கும் தோட்டத்து மோட்டருக்கும் ஒரே மீற்றர் என்றால், அவனுடைய மின்சாரப் பட்டியல் என்ன சொல்லும்? செல்வத்தையா சொல்லும்? அவன் சிந்திய வியர்வையையன்றோ சொல்லும்! வெங்காயம் விலை விழுந்த ஆண்டிலும் மீற்றர் ஓடிக்கொண்டேயிருக்கும்.

வீட்டு நிலைமை இன்னொரு துறை. போரிலே கூரையும் சுவரும் இழந்த குடும்பங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் 5,50,000 ரூபா வீதம் உதவி கிடைத்தது. அதனோடு கடனும் பட்டுக் கல்வீடு கட்டினார்கள். அந்தச் சுவரைப் பார்த்தவருக்கு உள்ளே இருக்கும் கடன் தெரியுமா? கடல் கடந்து போன சகோதரனுடைய பெரிய வீட்டுக்குக் காவலாக இருக்கும் விதவைத் தாயின் நிலை என்ன? வீடு பெரியது, வீடு அவளுடையதன்று, அடுப்பிலே பூனை உறங்குகிறது.

இக்குடும்பங்களெல்லாம் இந்தக் காரணங்களாலேதான் விடுபட்டன என்று நாம் சாதிக்கவில்லை. அதை அறிய வழியில்லை என்பதே நம் முறைப்பாடு. விபரம் பிழையாகப் பதியப்பட்டதா? விபரம் சரியாயிருந்தும் கணிப்பு பிழைத்ததா? இரண்டும் சரியாயிருந்து அளவுகோலே பொருத்தமற்றதா? மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. முதலாவதற்கு விபரத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கைத் திருத்த வேண்டும். மூன்றாவதற்குச் சட்டவிதியை மாற்றப் போராட வேண்டும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கேட்பது எங்ஙனம்?

இயந்திரத்தின் பக்கத்து நியாயம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்பது சட்டம் பயின்றோரின் முறை.

முன்னைய உதவித் திட்டங்களிலே அரசியல்வாதியின் துண்டுக் கடிதத்துக்குப் பெயர்கள் ஏறின என்னும் குற்றச்சாட்டு நாடெங்கும் இருந்தது. புள்ளிமுறை அந்தச் சலுகைக்கு அணை போடும் என்றார்கள். அந்த நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. யாவருக்கும் ஒரே அளவுகோல் என்பது நல்ல கொள்கையே. ஆனால், அளவுகோலைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, "சரியாகவே அளந்தோம், நம்புங்கள்" என்றால் எந்த வியாபாரியிடம் நாம் நம்பிப் புகையிலை நிறுத்துக் கொடுப்போம்?

புள்ளியிடும் விதத்தை வெளியிட்டால் மக்கள் பொய் விபரம் தந்துவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். பொய்யைப் பிடிக்கக் கள ஆய்வு இருக்கிறது. அயலவர் ஆட்சேபம் தெரிவிக்கும் வழியும் இத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒருசிலர் ஏய்ப்பார்கள் என்று அஞ்சி எல்லோருக்கும் காரணத்தை மறைப்பது, திருடனுக்குப் பயந்து ஊரார் எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டி வைப்பதாகும்.

பிறருடைய அந்தரங்க விபரங்கள் வெளிப்பட்டுவிடும் என்பார்கள். தன் குடும்பத்தின் புள்ளியைத் தனக்குத் தா என்று கேட்பவர் எவருடைய அந்தரங்கத்தில் கை வைக்கிறார்?

சட்டம் நம் கையில் இருக்கிறது

2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் அரசியலமைப்பிலே 14அ என்னும் உறுப்புரையைச் சேர்த்துத் தகவல் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக்கிற்று. அதனைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. அமைச்சு, திணைக்களம், சட்டத்தால் நிறுவிய சபை, மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை யாவும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 'தகவல்' என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்திலே கணினிப் பதிவேடுகளும் அடங்கும்.

அச்சட்டத்தின் 35ஆம் பிரிவை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பகிரங்க அதிகாரசபையொன்றின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் கேட்டால், அத்தீர்மானத்துக்கு வந்த காரணங்களை எழுத்திலே வெளிப்படுத்த அங்குள்ள அலுவலர் கடமைப்பட்டவர் என்று அது விதிக்கிறது. தீர்மானத்தை மனிதன் செய்தானா, மனிதன் ஏவிய இயந்திரம் செய்ததா என்ற வேற்றுமையை அப்பிரிவு காட்டவில்லை. அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தது சபைக்கு, கணினிக்குக் கொடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை கூட்டிய கணக்குக்கு முதலாளி பொறுப்பாவது போல, கணினி கணித்த புள்ளிக்குச் சபையே பொறுப்பு.

நீதிமன்றங்களின் போக்கும் இதுவே. கருணாதாச எதிர் யுனீக் ஜெம் ஸ்டோன்ஸ் என்னும் 1997ஆம் ஆண்டு வழக்கிலே, காரணங்களை மறைத்துவைத்தால் நீதிமன்ற மீளாய்வின்போது அத்தீர்மானம் தன்னிச்சையானதென்று கண்டிக்கப்படலாம் என்றும், நல்ல காரணம் இருந்திருக்கும் என்று நீதிமன்றம் தானாக ஊகித்துக்கொள்ளாது என்றும் உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. தொழில் ஆணையாளரின் கட்டளைக்குப் பொருந்திய நியாயம் புள்ளியிடும் பொறிக்குப் பொருந்தாதென்று எவர் சொல்ல முடியும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்றொன்றும் உண்டு. தன்னியக்கமாகச் செய்யப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையை அதன் 18ஆம் பிரிவு பேசுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், மீளமுடியாத, தொடர்ச்சியான பாதிப்பு ஏற்பட வேண்டும் என்று ஒரு தடை. எழுத்திலான சட்டமொன்று அதிகாரமளித்த தீர்மானத்துக்கு அவ்வுரிமை இல்லை என்று மற்றொரு தடை. இவ்வாறே அது நிறைவேற்றப்பட்டது. 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த பகுதிகளும் அப்போது பிற்போடப்பட்டன. ஆதலால் இன்று நாம் உறுதியோடு பிடிக்கத்தக்க கைப்பிடி 2016ஆம் ஆண்டுச் சட்டமே.

கேட்கும் முறை

எப்படிக் கேட்பது என்பதையும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கோ, நலன்புரி நன்மைகள் சபையின் தகவல் அலுவலருக்கோ எழுத்திலே விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களை வினவ இடமில்லை. எழுத முடியாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுதிக்கொள்ள வேண்டியது அலுவலரின் கடமை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்திலான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்திலே நான்கு கேள்விகள் போதும். ஒன்று: எம் குடும்பத்தைப் பற்றிப் பதிந்த விபரங்களின் பிரதி. இரண்டு: ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எமக்கு இட்ட புள்ளி, மொத்தப் புள்ளி, எம் வகுப்பைத் தீர்மானித்த எல்லைப் புள்ளி. மூன்று: அப்புள்ளியை இட ஆதாரமான வர்த்தமானி, சுற்றறிக்கை, கணிப்பு விதி. நான்கு: தீர்மானம் இறுதியாகுமுன் அதனை நேரிற் பரிசீலித்த அலுவலரின் பதவியும், பரிசீலித்த திகதியும். இவற்றோடு, 35ஆம் பிரிவின்படி தீர்மானத்துக்கான காரணங்களை எழுத்திலே தருக என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

14 வேலை நாட்களுக்குள், தகவல் தருவதா மறுப்பதா என்று அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனஞ் சாதித்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம் தவணை. அதற்கு மேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம். அங்கே தம் மறுப்பு நியாயமானது என்று காட்டவேண்டிய பாரம் அதிகாரிகளுடையது, உங்களுடையதன்று. அதற்கும் அப்பால் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். கிராம அலுவலரோடும் பிரதேச செயலகத்து எழுதுவினைஞரோடும் சண்டையிடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அவர்களும் நம் பிள்ளைகள். காரணம் தெரியாத தீர்மானத்துக்காக நாள்தோறும் ஏச்சுக் கேட்பவர்கள் அவர்களே. நீங்கள் எழுதிக் கேட்கும்போது, மேலிடத்தில் கேட்க அவர்களுக்கும் ஒரு துணை கிடைக்கிறது.

பிற நாடுகள் கற்ற பாடம்

இது நம் குடாநாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. தெலுங்கானா மாநிலத்திலே கணினி தந்த கணிப்பை வைத்து ரத்துச் செய்யப்பட்ட குடும்ப உணவு அட்டைகள் ஏறக்குறைய 19 இலட்சம். இறந்துபோன கணவர் கார் உடையவர் என்று கணினி காட்டியதால் ஓர் ஏழை விதவை உணவு அட்டை மறுக்கப்பட்டார். அவர் கணவரோ ரிக்சா இழுத்து வாழ்ந்தவர். பெயரொத்த வேறொருவரின் கார் அவர் தலையில் ஏறியிருந்தது. 2022 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம், ரத்தான அட்டைகளைக் களத்திற் சென்று மீளச் சரிபார்க்குமாறு பணித்தது.

ஒல்லாந்து தேசத்திலே, உதவிப்பணம் பெறுவோரில் ஏமாற்றுக்காரர் யார் என்று ஊகிக்கும் 'சிறி' என்னும் கணினி முறைமையைச் சில நகரசபைகள் ஏழைகள் வாழும் பகுதிகளிலே பயன்படுத்தின. எவ்வாறு ஊகிக்கிறது என்பதை அரசு வெளியிடவில்லை. 2020 பெப்ரவரி 5ஆந் திகதி ஹேக் மாவட்ட நீதிமன்றம், இவ்வாறு மூடிவைத்த முறை மனித உரிமைக்கு முரணானதென்று தீர்ப்பளித்து அதனை நிறுத்திற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி ஆகிய இரு நகரசபைகளும் தாம் பயன்படுத்தும் கணிப்பு முறைமைகளை எவரும் பார்க்கத்தக்க பகிரங்கப் பதிவேட்டில் இடத் தொடங்கின. நகரசபைகளுக்கு அங்கே இயன்றது நம் சபைகளுக்கு இங்கே இயலாதா?

விளங்கும் மொழியில் விளக்கம்

விளக்கம் என்றால் விளங்க வேண்டும். ஆங்கிலக் குறியீடுகள் நிரம்பிய அட்டவணையொன்றை நீட்டி, "இதுதான் காரணம்" என்றால் அது விளக்கமாகாது. வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. விளங்காத மொழியில் வரும் ஆணை எத்தகைய அவமானம் என்பதை 1956ஆம் ஆண்டின் பின் இந்தக் குடாநாட்டுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கணினியின் மொழி அன்றைய ஆணையின் மொழியைப் போல மக்களுக்கு மூடிய கதவாகிவிடக்கூடாது. தமிழிலே, ஒரு கமக்காரன் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டக்கூடிய நடையிலே காரணம் வர வேண்டும்.

இனிச் செய்யவேண்டியது

ஒரு குடும்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் மறுநாளே பணமும் கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். சிலருக்குப் பிழை திருந்தும். சிலருக்கு, "விதிப்படி நீங்கள் உரித்தற்றவர்" என்ற மறுமொழியே வரும். அதனாலும் பயனுண்டு. ஒரு விண்ணப்பம் ஒரு வீட்டின் மனக்குறை. ஒரு பிரிவில் இருந்து ஐந்நூறு மறுமொழிகள் சேர்ந்தால், அளவுகோல் எங்கே பிழைக்கிறது என்பதற்கு அவர்களே கையொப்பமிட்டுத் தந்த சாட்சியம். இறைப்பு மின்சாரத்தைச் செல்வமென்று கணக்கிடாதே, உதவியாற் கட்டிய வீட்டைச் சொத்தென்று புள்ளியிடாதே என்று பாராளுமன்றத்திலே வாதாட அந்தச் சாட்சியம் வேண்டும்.

ஆகவே படித்தோரிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, இளஞ் சட்டத்தரணிகளே! வாரத்தில் ஒரு மாலை உங்கள் ஊர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ அமர்ந்து, வருகின்றவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அனுப்பிய திகதியையும் மறுமொழி வந்த திகதியையும் ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். கமக்காரர் அமைப்புகளிடம் மற்றொரு வேண்டுகோள். மானியமும் பயிரழிவு நட்டஈடும் கணினிப் பதிவுகளை நம்பும் காலம் இது. உங்கள் பெயர் எங்கே, எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதை இப்போதே கேட்டு அறிந்து வையுங்கள்.

யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களுக்கும் 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடந்தது. நீங்கள் வாக்களித்த உறுப்பினரிடம் சென்று மூன்று அம்சத் தீர்மானமொன்றைச் சபையில் நிறைவேற்றக் கேளுங்கள். கணினிக் கணிப்பை நம்பிச் சபை செய்யும் தீர்மானங்கள் எவை என்ற பட்டியல் சபை வாயிலில் தொங்க வேண்டும். மறுக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் காரணம் தமிழிலே செல்ல வேண்டும். அதற்குப் பொறுப்பான அலுவலர் இன்னார் என்று அக்கடிதத்திலேயே குறிக்க வேண்டும். ஆதன வரியிலிருந்து கடை அனுமதிப்பத்திரம் வரை நாளை எந்த இயந்திரம் வந்தாலும், இந்த மூன்று விதிகளும் அதற்கு முன்னே வந்து காத்திருக்கட்டும்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. அழுதது போதும், இனி எழுதிக் கேட்போம். வீட்டுக்குத் திரும்பியதும், அயலில் விடுபட்ட குடும்பம் ஒன்றையாவது கண்டு, அவர்களுடைய முதல் விண்ணப்பத்தை இந்த வாரத்துக்குள் எழுதி ஒப்படையுங்கள். ஒப்புகைக் கடிதத்தைக் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். மறுமொழி வாராவிடின் எம்மிடம் கொண்டுவாருங்கள்; அடுத்த படிக்கு நாம் உடன் வருவோம்.